அமெச்சூர் குழுவாக முதல் நாடகம் போடப் போகிறீர்களா? உரிமை, அரங்கம், பணம், பதிவு: ஒரு நடைமுறை வழிகாட்டி

நடிக்க ஆள் சேர்ப்பது சுலபம். அலுவலகத்தில் நாலு பேர், அடுக்ககத்தில் மூன்று பேர், பழைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் என்று ஒரு வாரத்தில் குழு தயாராகிவிடும். அதற்கப்புறம் வருவதுதான் கஷ்டம். சென்னையில் நான் பார்த்த புதுக் குழுக்களில் பாதியிலேயே நின்றுபோனவை எதுவும் நடிப்பு வராததால் நிற்கவில்லை. எழுதியவரின் அனுமதி கையில் இல்லை, அரங்கத் தேதி தட்டிப்போயிற்று, செலவுக் கணக்கில் மனஸ்தாபம் வந்தது, இப்படித்தான் நின்றன. எங்கள் குழுவும் இவை ஒவ்வொன்றிலும் முட்டி மோதித்தான் மேடைக்குப் போனது. என்ன காகிதம் வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இது சென்னையை மனதில் வைத்து எழுதியது. மதுரையோ கோவையோ திருச்சியோ என்றால் அரங்குகளின் பெயரும் வாடகையும் மாறும், சட்டமும் நடைமுறையும் பெரும்பாலும் இதேதான். இங்கே சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒத்திகையை ஆரம்பித்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நாடகத்துக்கு எல்லா மாதமும் ஒத்து வராது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை சபா அரங்குகள் மொத்தமும் கச்சேரிக்குப் போய்விடும், அப்போது தேதி கேட்பதே வீண். அக்டோபர் கடைசியும் நவம்பரும் மழை. மார்ச்சில் வீட்டுக்கு வீடு பரீட்சை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை நாடக விழாக்கள் நடக்கும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்டுதோறும் நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் வரிசையாக மேடையேறும். ஒரு நாடகம் போட்டு அனுபவம் வந்த பிறகு அங்கே இடம் கேட்கலாம், ஆனால் அதற்குப் பல மாதம் முன்பே பேசியிருக்க வேண்டும்.

முதல் நாடகம் என்றால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தோதான காலம். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் சின்னக் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும், பேசினால் வாடகையைக் குறைப்பார்கள். மேடை, நாற்காலி, மின்சாரம், பின்பக்கம் இரண்டு அறை என்று பாதி வசதி அங்கேயே இருக்கிறது. எதிரொலி மட்டும் அதிகம், அதை நேரில் போய்க் கைதட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒன்றரை மணி நேர நாடகம் போட, வாரத்துக்கு மூன்று ஒத்திகை வீதம் இரண்டரை மாதம் பிடிக்கும். அதற்கு முன் ஸ்கிரிப்ட் உரிமைக்கும் அரங்கத்துக்கும் ஒரு மாதம் முழுசாக வேண்டும். ஆக மூன்றரை மாதம், கைவசம் கொஞ்சம் சேர்த்து நான்கு என்று வையுங்கள். மூன்று மாதத்தில் முடிப்போம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழுவில் ஒருவர் வீட்டிலாவது கல்யாணமோ காய்ச்சலோ ஆன்சைட்டோ கட்டாயம் வரும்.

2. ஸ்கிரிப்ட் உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள், இதில்தான் எல்லாம் கவிழ்கிறது. உங்கள் குழுவில் ஒருவரே எழுதினார் என்றாலும் அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நாளைக்கு அவர் குழுவை விட்டுப் போனால் அந்த நாடகத்தை நீங்கள் தொடர்ந்து போடலாமா கூடாதா என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கும்.

வேறொருவர் எழுதியது என்றால் அவரிடம் எழுத்தில் அனுமதி கட்டாயம். ஃபோனில் "தாராளமா போடுங்க தம்பி" என்று சொன்னது போதாது, உரிமம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எழுதியவர் மறைந்துவிட்டார் என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு நடந்தது இது: ஒரு மகன் சம்மதக் கடிதமே கொடுத்துவிட்டார், அழைப்பிதழும் அச்சாகிவிட்டது, அதற்கப்புறம் இன்னொரு வாரிசு கூப்பிட்டு என்னைக் கேட்கவில்லையே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நல்லவேளை, பேசிச் சரிசெய்ய முடிந்தது. "வேறு வாரிசுகள் யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கும் சம்மதமா" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் எழுத வேண்டியவை: நாடகத்தின் பெயர், எத்தனை காட்சிகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊர்களில், ஒரு காட்சிக்கு எவ்வளவு பணம் (ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்), வசனத்தை வெட்டலாமா மாற்றலாமா, வீடியோ எடுத்து யூடியூபில் போடலாமா. காலத்தை எழுதாமல் விட்டால் சட்டப்படி 5 வருடம் என்றும், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியா முழுக்க என்றும் எடுத்துக்கொள்வார்கள். அது உங்களுக்குச் சாதகம்தான், ஆனாலும் எழுதியவருக்குத் தெரியாமல் அப்படி ஆவது நல்லதில்லை, எழுதிவிடுங்கள்.

சிறுகதையை நாடகமாக்குவதற்கும் அனுமதி வேண்டும். கதை புத்தகமாக வந்திருந்தால் உரிமை ஆசிரியரிடமா பதிப்பகத்திடமா என்று முதல் பக்கத்தைப் பாருங்கள், இரண்டு பேரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

அனுமதி தேவைப்படாத எழுத்தும் நிறைய இருக்கிறது. எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் முடிந்தால் படைப்பு பொதுவாகிவிடும். பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் மறைந்தார், அவருடைய நாடகங்கள் இந்தக் கணக்கில் பொதுவாகிவிட்டன. இன்றைக்குப் போட்டாலும் ஜனங்கள் சிரிப்பார்கள், புதுக் குழுவுக்கு நல்ல பயிற்சி. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் தயங்காமல் எடுக்கலாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அவற்றில் பல இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. வெளிநாட்டு நாடகத்தில் மட்டும் கவனம்: மூல ஆசிரியர் செத்து நானூறு வருடம் ஆகியிருக்கலாம், தமிழில் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை இருக்கிறது.

இன்னொரு விஷயம், அமெச்சூர் குழுக்களில் பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அமெச்சூர் மன்றமோ சங்கமோ கட்டணம் வாங்காமல் பார்வையாளர்களுக்கு ஒரு நாடகத்தை நடித்துக் காட்டினால் அது உரிமை மீறல் ஆகாது. அடுக்ககத்திலோ வாசகசாலையிலோ இலவசமாக நடத்துகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் "நன்கொடைச் சீட்டு" என்று பெயர் வைத்து 100 ரூபாய் வாங்கினால் இந்த விலக்கை நம்பி நிற்க முடியாது. வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கும் இது பொருந்தாது. சட்டம் விட்டாலும், எழுதியவர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முதல் வரிசையில் ஓர் இருக்கை ஒதுக்கி அழையுங்கள். அதுதான் மரியாதை.

3. சினிமாப் பாட்டு வேண்டாம்

காட்சி மாற்றத்தில் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பாடல் எழுதியவர், இசையமைத்தவர்களின் உரிமைக்காக ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பிடமும், ஒலிப்பதிவின் உரிமைக்காக இசை நிறுவனத்திடமோ பி.பி.எல். போன்ற அமைப்பிடமோ தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன இலவசக் காட்சி விலக்கு ஒலிப்பதிவைப் பற்றிப் பேசவில்லை. நாடகத்துக்குப் பின்னணி இசை செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கீபோர்டு தெரிந்த ஒரு கல்லூரி மாணவரும் போதும். அவரிடமும் ஒரு கடிதம்.

4. அரங்கம்

இடம் கிடைப்பதற்கு நான்கு வழிகள் உண்டு.

பெரிய சபா அரங்குகள்: நாரத கான சபா, வாணி மஹால், மயிலாப்பூர் ரசிக ரஞ்சனி சபா மாதிரி. பெயரும் பழக்கமான ரசிகர்களும் உண்டு, ஆனால் முதல் நாடகத்துக்குப் பெரிய ஹால் வேண்டாம் என்பேன். ஐந்நூறு இருக்கையில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தால் நடிக்கிறவர்களின் தெம்பே போய்விடும். பெரிய சபாக்கள் சிலவற்றில் மினி ஹால் தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

சின்ன அரங்குகள்: நூறு பேர் அளவுக்கு இடமுள்ள அரங்குகள் ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர் பக்கம் உண்டு. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கம் கொஞ்சம் பெரியது, நாடகத்துக்குப் பழகிய இடம். புதுக் குழுவுக்கு இந்த வகைதான் முதல் சாய்ஸ்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர்: அழகான பழைய அரங்கம், மைக் இல்லாமலே குரல் போகும். அரசுத் துறையின் இடம் என்பதால் கடிதம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும், அரசு நிகழ்ச்சி வந்தால் உங்கள் தேதி தள்ளிப்போக வாய்ப்புண்டு. மாற்றுத் தேதி ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி, அடுக்ககம், நூலகம், மொட்டைமாடி: செலவு மிகக் குறைவு. என் கருத்தில் அக்கம்பக்கத்து ஜனங்களை நாடகத்துக்குப் பழக்குவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. சபாவுக்கு வராதவர்கள்கூட கீழ்த்தளத்தில் நடக்கிறது என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

முன்பதிவுக்கு முன் நேரில் போய்க் கேட்க வேண்டியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். வாடகை எத்தனை மணி நேரத்துக்கு? அதில் செட் போடும் நேரமும் பிரிக்கும் நேரமும் அடக்கமா? ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமலா? ஏசி எப்போது போடுவார்கள், எப்போது அணைப்பார்கள்? மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கணக்கா? ஜெனரேட்டர் ஓடினால் டீசல் யார் காசு? காஷன் டெபாசிட் (சேதம் வந்தால் பிடித்துக்கொள்ள முன்கூட்டி வாங்கும் தொகை) எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? அரங்கத்தின் லைட், மைக் எவை வேலை செய்கின்றன? வெளியிலிருந்து லைட் கொண்டுவந்தால் அதற்குக் கட்டணம் உண்டா? மேடையில் ஆணி அடிக்கலாமா, கற்பூரம் கொளுத்தலாமா, புகை இயந்திரம் வைக்கலாமா? வாட்ச்மேன், எலக்ட்ரீஷியன், துப்புரவு என்று தனியாக யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்? தேதி ரத்தானால் எவ்வளவு திரும்பும்?

இவ்வளவையும் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் அரங்கில் சொன்ன வாடகையும் கடைசியில் கட்டிய தொகையும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றரை ஆனது, கூடுதல் நேரம், மின்சாரம், "ஸ்டாஃப்" என்று ஒவ்வொன்றாக நாடகம் முடிந்த இரவில் எடுத்து நீட்டினார்கள். செட்டை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில் பேரம் பேச யாருக்கும் தெம்பு இருக்காது. எல்லாவற்றையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். ரசீது குழுவின் பெயரில் இருக்கட்டும்.

5. பணம்: ஒத்திகைக்கு முன் கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு காட்டுகிறேன், தொகைகள் உங்கள் ஊர், அரங்கத்துக்கு ஏற்ப மாறும். வாடகை 10,000, வரியோடு 11,800. லைட் 6,000, ஒலி 4,000, மேக்கப் 3,000, டெம்போ 2,500, சாப்பாடு டீ 3,000, அச்சு 1,500. மொத்தம் 31,800 ரூபாய். 150 இருக்கை உள்ள ஹாலில் 90 பேர் 200 ரூபாய்க்கு டிக்கெட் வாங்கினால் வருவது 18,000. துண்டு விழுவது 13,800. குழுவில் 12 பேர் என்றால் தலைக்கு 1,150.

இந்தத் தலைக்கு 1,150-ஐ முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லி, எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாணவர்கள், வேலை இல்லாதவர்களுக்கு விலக்கு கொடுப்பதானால் அதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். நாடகம் முடிந்த பிறகு காசு கேட்டால் நட்பு முறியும். வசூல் கூடுதலாக வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த நாடகத்துக்கு ஒதுக்குவது என்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

முடிந்தால் ஒரே ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மாலை 3.30-க்கு ஒன்று, 7 மணிக்கு ஒன்று என்று இரண்டு காட்சி போடுங்கள். டெம்போ, செட், லைட் வாடகை பெரும்பாலும் ஒரு நாளைக்குத்தான், இரண்டாவது காட்சிக்குக் கூடும் செலவு கொஞ்சம்தான். இரண்டரை மாத உழைப்பு ஒரே ராத்திரியில் முடிந்துபோவதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பணத்தைக் கையாள இரண்டு பேர் வேண்டும், ஒருவர் செலவு செய்ய, இன்னொருவர் எழுத. இயக்குநர் இந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது.

6. அனுமதியும் வரியும்

நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இன்னமும் சிலர் பயமுறுத்துவார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்துவிட்டது, பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. அரங்க நிர்வாகம் கேட்டால் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் மட்டும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்: குழுவின் பெயர், தேதி, நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளரின் ஃபோன் எண், அவ்வளவுதான்.

தெரு, பூங்கா, மைதானம் என்றால் கதை வேறு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் அனுமதி கட்டாயம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநகராட்சிப் பூங்காவுக்கு மண்டல அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று காட்டும், அதனால் ஒரே நாளில் இரண்டிலும் மனு கொடுத்துவிடுங்கள். மூன்று வாரம் முன்பே.

டிக்கெட் விலை ஆளுக்கு 500 ரூபாய் வரை என்றால் நாடக நுழைவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. புதுக் குழு அதற்கு மேல் வைக்கப் போவதில்லை, ஆகவே கவலை வேண்டாம். உள்ளாட்சியின் கேளிக்கை வரி என்பது தனி. டிக்கெட் அச்சடிப்பதற்கு முன் மண்டல வருவாய்ப் பிரிவில் கேட்டு, உங்கள் நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகள் நடிக்கிறார்கள் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், ஒத்திகையிலும் மேடையிலும் பெற்றோரில் ஒருவர் கூடவே இருப்பது, இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவு எட்டரைக்கு மேல் குழந்தைகளை ஒத்திகையில் வைக்காதீர்கள்.

7. குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா?

முதல் நாடகத்துக்குத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது நாடகமும் உண்டு என்று மனசில் இருந்தால் முதல் வருடமே பதிவு செய்துவிடுங்கள். மத்திய அரசின் கலாசார மானியங்களுக்குப் பதிவாகி 3 வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் எத்தனை வருடமாக நாடகம் போட்டிருந்தாலும் அவர்கள் பார்ப்பது பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது 7 பேர் வேண்டும். சென்னையில் வட, மத்திய, தென் சென்னை என்று தனித்தனி மாவட்டப் பதிவாளர் அலுவலகங்கள், உங்கள் சங்க முகவரி எதில் வருகிறதோ அங்கே. பதிவுத் துறையின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். தேவையான காகிதங்கள்:

சங்கத்தின் பெயரும் நோக்கமும் எழுதிய மெமோரண்டம். சங்கத்தின் விதிகள் அடங்கிய பைலா. ஏழு பேரின் ஆதார், புகைப்படம், கையெழுத்து. நிர்வாகக் குழுப் பட்டியல். அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், கூடவே அவர் பெயரில் உள்ள வீட்டுவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது.

பெயரில்தான் விண்ணப்பங்கள் திரும்பி வரும். "இந்தியா", "தமிழ்நாடு", "தேசிய" மாதிரி அரசுத் தொடர்பு இருப்பதாகத் தோன்றும் சொற்களைத் தவிருங்கள், மூன்று பெயர் யோசித்துக்கொண்டு போங்கள். பைலாவில் நோக்கம் எழுதும்போது "நாடகம் நடத்துவது" என்று மட்டும் எழுதாமல் பயிற்சிப் பட்டறை, விழா, வெளியீடு, நிதி திரட்டுதல், நன்கொடை பெறுதல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். பிறகு திருத்துவதென்றால் சிறப்புத் தீர்மானம், மறுபடி பதிவாளர் அலுவலகம் என்று அலைய வேண்டும். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில்தான் இயக்க வேண்டும் என்பதும் பைலாவிலேயே இருக்கட்டும்.

சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, அப்புறம் வங்கிக் கணக்கு. வங்கியில் சான்றிதழ், பைலா, பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், கையெழுத்திடுவோரின் அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். சங்கக் கணக்கு தொடங்கிப் பழக்கமில்லாத கிளையில் இழுத்தடிப்பார்கள், வேறு கிளைக்குப் போய்விடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பதிவு செய்துவிட்டால் வருடா வருடம் வேலை இருக்கிறது. பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வருடம் தாக்கல் செய்யாமல் விட்டால் அடுத்த வருடம் அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். நல்ல நாடகம் போட்ட குழுக்கள்கூட இந்த இடத்தில் சோர்ந்துபோய்ச் சங்கத்தைக் கைவிட்டிருக்கின்றன. குழுவில் நடிக்க ஆசையில்லாத, கணக்கு தெரிந்த ஒருவரைச் செயலாளராகப் போடுங்கள், அவரை நடிகர்களைவிட நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

8. ஒத்திகையும் மேடை நாளும்

ஒத்திகைக்கு இடம் தேடிக் காசு செலவழிக்காதீர்கள். பள்ளியின் ஒரு வகுப்பறை, அடுக்ககத்தின் கூட்ட அறை, யாராவது ஒருவர் வீட்டு மாடி போதும். மேடையின் நீள அகலத்தை அரங்கத்தில் அளந்து வந்து, ஒத்திகைத் தரையில் சாக்பீஸால் அதே அளவில் கோடு போடுங்கள். சோபா எங்கே, வாசல் எங்கே என்றும் கோடு. இதைச் செய்யாத குழு மேடை நாளில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளும்.

மேடையின் இரு பக்கமும் ஒரு மேசை போட்டு அதன்மேல் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். நாடகத்தில் கைக்கு வரும் பொருள் ஒவ்வொன்றையும் அதில் வைத்துச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, பெயர் எழுதுங்கள்: மூக்குக்கண்ணாடி, கடிதம், சாவி, டிபன் கேரியர். யார் எடுத்தாலும் திரும்ப அதே கோட்டுக்குள் வைக்க வேண்டும். காட்சி ஆரம்பிக்கும் முன் ஒருவர் மேசையைப் பார்த்தால் போதும், எந்தக் கோடு காலியாக இருக்கிறதோ அந்தப் பொருள் எங்கேயோ போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சின்ன விஷயம்தான், இதற்கப்புறம் எங்கள் குழுவில் ஒரு பொருளும் காணாமல் போகவில்லை.

மரப்பலகை மேடை என்றால் மேடை விளிம்பில் வைக்கும் ஃபுட் மைக்கை நேராகத் தரையில் வைக்காதீர்கள், அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் வையுங்கள். இல்லாவிட்டால் நடக்கும் ஒவ்வொரு அடியும் கடைசி வரிசை வரை இடி மாதிரி கேட்கும். நடிகர்கள் முடிந்தவரை செருப்பில்லாமல் நடமாடட்டும்.

பல அரங்குகளில் நாடகத்தன்று மத்தியானம்தான் உள்ளே விடுவார்கள். 7 மணிக் காட்சிக்கு 2 மணிக்கு நுழைந்தால் செட்டுக்கு ஒன்றரை மணி, லைட்டுக்கு ஒரு மணி, ஒலிக்கு அரை மணி, அப்புறம் காட்சி மாறும் இடங்களை மட்டும் ஓட்டிப் பார்க்க ஒரு மணி. முழு ஒத்திகைக்கு நேரம் இருக்காது, அதனால் உடை, பொருட்களோடு முழு ஒத்திகையை இரண்டு நாள் முன்பே வேறு இடத்தில் முடித்துவிடுங்கள். ஆறரை மணிக்கு மேல் யாரும் திரைக்கு முன்னால் போய் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

9. பார்வையாளர்களை வரவழைப்பது

ஃபேஸ்புக்கில் போஸ்டர் போட்டால் விருப்பக்குறி வரும், ஆள் வரமாட்டார்கள். ஆளை வரவைப்பது நேரடி அழைப்புதான். குழுவில் ஒவ்வொருவரும் பத்து டிக்கெட்டுக்குப் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதிக்கு ஒரு வாரம் முன்பே நான்கு வரியில் அனுப்புங்கள். காசு கிடையாது, பெரியவர்கள் இன்னமும் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பொதுச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம், பேனருக்கும் அனுமதி வேண்டும். அந்தக் காசில் ஒத்திகைப் படங்கள் நாலு நல்லதாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பலன் அதிகம்.

இலவசப் பாஸ் கொடுக்காதீர்கள். ஓசியில் வாங்கியவர்கள் பாதிப் பேர் வருவதில்லை, அந்த இருக்கை காலியாகவே கிடக்கும். மாணவர்களுக்கு 50 ரூபாய் என்று வையுங்கள், ஆனால் ஏதாவது ஒரு தொகை இருக்கட்டும். புக்மைஷோ மாதிரித் தளத்தில் விற்பதானால் அவர்கள் பிடித்தம் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை நம்பி அரங்க வாடகை கட்ட முடியாது.

நடிக்க வராத நண்பர்கள் எப்படி உதவலாம் என்று கேட்டால் உடனே வேலை கொடுங்கள்: வாசலில் டிக்கெட் கிழிக்க, முதியவர்களைக் கைபிடித்து உட்கார வைக்க, படம் எடுக்க, வீட்டுப் பழைய நாற்காலியை ஒரு மாதம் கடன் கொடுக்க. முடிந்தால் பக்கத்துக் குழுவின் நாடகத்துக்கு உங்கள் மொத்தக் குழுவும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போங்கள். அவர்கள் உங்களுக்கு வருவார்கள்.

10. மானியம்

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் புது நாடகத் தயாரிப்புக்கு நிதியுதவி தருகிறது, அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மத்திய கலாசார அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனாவில் விழா, தயாரிப்புகளுக்கான மானியம் இருக்கிறது, சாதாரணமாக 5 லட்சம் ரூபாய் வரை. அதற்கு மூன்று வருடப் பதிவு, தணிக்கை செய்த கணக்குகள், செயல்பாட்டு அறிக்கை, தன்னார்வ அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண் எல்லாம் வேண்டும். பணம் தவணையாகத்தான் வரும், கடைசித் தவணை நிகழ்ச்சி முடிந்து, பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்த பிறகு. கைக்காசில் முழுச் செலவையும் தாங்க முடியும் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள், மானியத்தை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

அதுவரை உள்ளூர்க் கடைகள்தான் புரவலர்கள். மளிகைக்கடை, கண்ணாடிக்கடை, டியூஷன் சென்டர் என்று நிகழ்ச்சித் தாளில் ஆளுக்கு ஒரு சின்ன விளம்பரம், 500 ரூபாய், ரசீதோடு. ஒரு தெருவில் ஆறு கடை கிடைத்தால் டெம்போ செலவு போய்விடும்.

11. நாடகம் முடிந்த வாரம்

அசதியாக இருக்கும், ஆனாலும் ஒரு வாரத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள். காஷன் டெபாசிட்டைக் கேட்டு மின்னஞ்சல். எல்லா பில்லையும் தேதிவாரியாக ஒட்டி ஒரு கோப்பு, கணக்கை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் படமாக அனுப்புங்கள். அழைப்பிதழ், டிக்கெட் மாதிரி, நாளிதழில் வந்த வரி, கூட்டத்தோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அதே கோப்பில் வையுங்கள், மூன்று வருடம் கழித்து மானியத்துக்கும் சபாவில் தேதி கேட்பதற்கும் இதைத்தான் காட்டப் போகிறீர்கள். எழுதியவருக்குப் பேசிய தொகையை முதலில் அனுப்புங்கள். வந்தவர்களின் ஃபோன் எண்களை அவர்கள் சம்மதத்தோடு வாசலிலேயே வாங்கியிருப்பீர்கள். அடுத்த நாடகத்துக்கு முதல் அழைப்பு அவர்களுக்குத்தான் போக வேண்டும், ஆகவே அந்த நோட்டைச் செட் மூட்டையோடு சேர்த்துக் கட்டிவிடாமல் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.